கருப்பட்டி கேக்

அல்வாவுக்குப் பேர்போன ஊரில் பிறந்த என் தம்பிக்கு நெய் சேராது. பாலும் சேராது, தயிரும் சேராது. மோரில் ஒரு மடக்குக் குடித்தால்கூட வாயைச் சுற்றிச் சிவந்து தடித்துவிடும். கொஞ்சம் கூடினால் மூச்சு இழுக்கும். கைக்குழந்தையாக இருந்தபோது முதலில் சூடு என்றார்கள், அப்புறம் மாந்தம் என்றார்கள். பால்காரரை மாற்றினார்கள், உரைமருந்து கொடுத்தார்கள். கடைசியில் வயதான ஒரு டாக்டர்தான், “பாலையே நிறுத்திப் பாருங்கம்மா” என்றார். நிறுத்தியதும் பிள்ளை தெளிந்தான்.

பாலில் உள்ள சர்க்கரையைச் செரிக்க முடியாமல் வயிறு உப்புகிறவர்கள் உண்டு. தம்பிக்கு வந்தது அது அல்ல. பாலில் இருக்கும் கேசீன் முதலான புரதங்களை அவன் உடம்பு பகையாக எடுத்துக்கொண்டது. வெண்ணெயை உருக்கும்போது புரதத்தில் பெரும்பங்கு கசடோடு போய்விடும். ஆனாலும் நெய்யில் ஒரு துளி மிஞ்சும். அவனுக்கு அந்தத் துளி போதும். இதெல்லாம் நான் பெரியவளான பிறகு படித்துத் தெரிந்துகொண்டது. அந்த நாளில், 1980களின் நடுவில், பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தெரிந்திருந்ததெல்லாம், “பயலுக்குப் பால் ஆகாது” என்ற ஒரே வரிதான்.

பால் ஆகாத பிள்ளையைத் திருநெல்வேலிச் சீமையில் வளர்த்துப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் பாடு தெரியும். எங்கள் ஊர் அல்வாவில் மாட்டுப்பால் ஒரு சொட்டுக் கிடையாது. கோதுமையை ஊறவைத்து அரைத்துப் பிழிந்து எடுக்கிற கோதுமைப் பாலும் சர்க்கரையும்தான் அடிப்படை. ஆனால் கிண்டக் கிண்ட நெய்யை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். சாயங்காலம் டவுனுக்குப் போய்விட்டு வருகிற அப்பா, நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருட்டுக்கடையில் கூட்டத்தில் நின்று வாங்கிய அல்வாவை, சூடு ஆறாமல் வேட்டி மடிப்பில் வைத்துக் கொண்டுவருவார். பொட்டலத்தை எடுத்ததும் தம்பி எழுந்து திண்ணைக்குப் போய்விடுவான். யாரும் போகச் சொல்லவில்லை. அழவும் மாட்டான். சில மாதங்களில் அப்பா அல்வா வாங்குவதையே விட்டுவிட்டார். அதற்கும் காரணம் சொல்லவில்லை.

கோயில் சர்க்கரைப் பொங்கலில் நெய். கல்யாண வீட்டுப் பாயசத்தில் பால். பள்ளிக்கூடத்தில் பிறந்தநாள் பிள்ளை நீட்டுகிற சாக்லேட்டில் பால்பொடி. யார் எதை நீட்டினாலும், “இதுல பால் இருக்கா?” என்று கேட்டுவிட்டுத்தான் கையை நீட்டுவான். மூன்றரை வயதுப் பிள்ளை வாயில் அந்தக் கேள்வியைக் கேட்கிற பெரியவர்கள் ஒரு கணம் திகைத்து, நீட்டிய கையை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பார்கள். எனக்கு அப்போது பத்து வயது. அவன் கேட்பதற்கு முன்னால் நான் முந்திக்கொண்டு கேட்டுவிடப் பழகினேன்.

ஆச்சி மட்டும் இதை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “மாட்டுக்குப் பொறந்தா மாட்டுப்பாலு. மனுசனுக்குப் பொறந்தவனுக்கு வேற எவ்வளவோ இருக்கு” என்பாள். இருந்தது. கருப்பட்டி மிட்டாய் எண்ணெயில் பொரிப்பது, அவன் தின்னலாம். முறுக்கு, சீடை, எள்ளுருண்டை, பொரி உருண்டை, தேங்காய்ப் பூரணக் கொழுக்கட்டை எல்லாம் ஆகும். எல்லாவற்றுக்கும் மேலே சொதி இருந்தது. கல்யாணத்துக்கு மறுநாள் விருந்தில் வைக்கிற அந்தத் தேங்காய்ப்பால் குழம்பை, தம்பிக்காக ஆச்சி சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கே இறக்கிக் கொண்டுவந்துவிட்டாள். முதல் பால் தனி, இரண்டாம் பால் தனி, மூன்றாம் பால் தனி. மூன்றாம் பாலில் காய் வேகும், இரண்டாம் பாலில் கொதிக்கும், முதல் பாலை இறக்குகிற நேரத்தில் விட்டு, கொதி வரும் முன் அடுப்பை அணைத்துவிட வேண்டும். பால் குடிக்காத பிள்ளை இருந்த வீட்டில் பால் எடுக்கிற வேலை ஓயாமல் நடந்தது.

கேக் மட்டும் அந்த வரிசையில் இல்லை. எங்கள் வீட்டுக்கு அது இரண்டு விதத்தில் அந்நியம். சைவ வீடு, முட்டை நுழையாது. முட்டை இல்லாத கேக் என்று பேக்கரியில் கேட்டாலும் அதில் வெண்ணெயோ பாலோ கட்டாயம் இருக்கும். தூத்துக்குடியிலிருந்து வருகிறவர்கள் கொண்டுவருகிற மக்ரூன் ஒன்றில்தான் பாலும் இல்லை, வெண்ணெயும் இல்லை. முந்திரியும் சர்க்கரையும் மட்டும். ஆனால் அது நிற்பதே முட்டையின் வெள்ளைக்கருவில். ஆக, உடம்பு தள்ளாததை வீடு தள்ளியது, வீடு தள்ளாததை உடம்பு தள்ளியது.

பக்கத்து வீட்டில் டீச்சர் இருந்தார். மனையியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கிறிஸ்துமஸுக்கு மாதங்கள் முன்பே உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் ஜாடியில் ஊறத் தொடங்கிவிடும். டிசம்பர் மூன்றாம் வாரம் அவர் வீட்டு ஜன்னலிலிருந்து கிளம்புகிற வாசனை எங்கள் முற்றம் வரை வரும். ஆனால் எங்கள் வீட்டுக்கு அவர் ஒருநாளும் கேக் அனுப்பியதில்லை. தாம்பாளத்தில் வாழைப்பழம், ஆப்பிள், கல்கண்டு, முந்திரிப்பருப்பு எல்லாம் வைத்து, மேலே குரோஷா பின்னிய துணியைப் போட்டு அனுப்புவார். எங்கள் தீபாவளிப் பலகாரத்தில் நெய் மணக்கும் மைசூர்பாகு அங்கே போகும். இன்னொரு வீட்டின் நியமத்தை அறிந்து அதற்கு இடம் விடுவதை அந்தத் தெருவில் யாரும் ஒரு கொள்கையாகப் பேசிக்கேட்டதில்லை. அது பழக்கமாக இருந்தது.

தம்பி ஒன்றாம் வகுப்புப் போன வருடம், வகுப்பில் யாரோ ஒரு பையனின் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டினார்கள். வட்டமான வெள்ளைக் கேக், மேலே சிவப்பில் பெயர். எல்லாருக்கும் ஒரு துண்டு, தம்பிக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். அன்று வீட்டுக்கு வந்து அவன் தின்னக் கேட்கவில்லை. “எம் பொறந்தநாளுக்கு வெட்டுததுக்கு மட்டும் ஒரு கேக்கு வாங்கித் தாங்க. நான் திங்க மாட்டேன். மத்தவங்க திங்கட்டும்” என்றான். அம்மா மாவாட்டிக்கொண்டிருந்தாள். ஆட்டுக்கல் நின்றது. முற்றத்துச் சுவருக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்த டீச்சருக்கும் அது கேட்டிருக்கிறது.

அன்று சாயங்காலமே ஒரு பழைய நோட்டோடு வந்துவிட்டார். அட்டை கிழிந்து, தாள் பழுத்து, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. சிறுவயதில் தனக்குச் சமையல் கற்பித்த ஆங்கிலேயப் பெண்மணி ஒருவர் சொல்லச் சொல்ல எழுதியது என்றார்.

“ஆச்சி, முட்டை இல்லாம, பால் இல்லாம, வெண்ணெ இல்லாம கேக்கு உண்டு. சண்டைக் காலத்துக் கேக்கு.”

“சண்டைக்கும் கேக்குக்கும் என்ன டீச்சர்?”

டீச்சர் திண்ணையில் உட்கார்ந்து சொன்னார். இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் இங்கிலாந்தில் சாப்பாட்டுக்குப் பங்கீடு வந்தது. 1940 ஜனவரியில் வெண்ணெய்க்கும் சர்க்கரைக்கும் அளவு வைத்தார்கள். அடுத்த வருடம் முட்டைக்கும் வந்துவிட்டது. பெரியவர் ஒருவருக்கு வாரத்துக்கு ஒரு முட்டை, அதுவும் கிடைத்தால். பங்கீடு முழுதாக நீங்க 1954 ஆயிற்று. அதற்கும் முந்தி, முதல் உலகப் போரின்போதே, அமெரிக்க வீடுகளில் உலர்திராட்சையைச் சர்க்கரையோடு தண்ணீரில் கொதிக்கவிட்டு, ஆறியதும் மாவும் சோடாவும் கலந்து, பாலும் முட்டையும் இல்லாமல் கேக் செய்திருக்கிறார்கள். அதைப் போர்க் கேக் என்றே சொன்னார்கள். பிள்ளைகளின் பிறந்தநாள் சண்டைக்காகக் காத்திருக்காது அல்லவா, என்றார் டீச்சர்.

இதே போர் நடந்த 1944ஆம் வருடம்தான் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் அவருடைய நண்பர்களும் வீகன் சங்கத்தைத் தொடங்கினார்கள். பால், முட்டை, தேன் எதையும் தொடாத உணவுமுறைக்கு அப்போதுதான் பெயரே பிறந்தது. எங்கள் திண்ணையில் இருந்த யாருக்கும் அது தெரியாது. ஒரு பையன் தன் பிறந்தநாள் கேக்கைத் தானே தின்ன வேண்டும். பேச்சு அதைப் பற்றித்தான்.

ஆச்சி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள். “எதுல வச்சு அவிப்பிய?”

டீச்சர் வீட்டில் வட்ட வடிவ அலுமினிய எலெக்ட்ரிக் ஓவன் இருந்தது. மூடியில் சின்னக் கண்ணாடி வைத்தது. அதில் வருடக்கணக்காக முட்டைக் கேக் வெந்திருக்கிறது. ஆச்சி கேட்டதன் பொருள் டீச்சருக்கு உடனே புரிந்தது. முகத்தில் ஒரு சுருக்கம் இல்லை. “உங்க அடுப்புல, உங்க சட்டியிலதான் ஆச்சி. கீழயும் மேலயும் சூடு வேணும், அவ்வளவுதான். மணல் இருந்தாப் போதும்.”

“மணலா?” என்று ஆச்சி எழுந்துவிட்டாள். மணல் என்றதும் அந்த வேலை அவளுடையதாகிவிட்டது. நிலக்கடலை வறுக்க, பொரி பொரிக்க, தாமிரபரணி ஆற்றுமணலைச் சலித்துக் கழுவிக் காயவைத்து, பின்கட்டில் பானை நிறைய வைத்திருந்தாள். மணல் சூடேற நேரமாகும், ஏறிய சூட்டை எளிதில் விடாது, ஒரு பக்கம் கருக்கி இன்னொரு பக்கம் பச்சையாக விடாமல் எல்லாப் பக்கமும் ஒன்றாகப் பரப்பும். ஓவன் செய்வதும் அதைத்தான்.

தம்பி பிறந்தது கார்த்திகையில். அடைமழைக் காலம். நோட்டில் எழுதியிருந்த கோக்கோவும் பழுப்புச் சர்க்கரையும் பாளையங்கோட்டைக் கடைகளில் அலைந்தும் சரியாக அமையவில்லை. கோக்கோ டப்பா ஒன்று கிடைத்தது, விலையைக் கேட்டு அம்மா திரும்பிவிட்டாள். ஆச்சி பரணைக் காட்டினாள். அங்கே உடன்குடிக் கருப்பட்டி இருந்தது. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டி. மழைக்காலத்துக் காற்றில் ஈரம் இருந்தால் கருப்பட்டி அதை இழுத்துக்கொண்டு கசியும், அதனால்தான் அடுப்புப் புகை படுகிற பரணில் ஏற்றிவைப்பாள். இதைச் சொன்னதும் டீச்சர் நோட்டை மூடிவிட்டார். “ஈரத்தைப் பிடிச்சு வைக்கிதுல்ல ஆச்சி, அதுதான் கேக்குக்கு வேணும். முட்டை இல்லாத கேக்கு மறுநா காஞ்சு ரொட்டி ஆயிரும். கருப்பட்டி அதைக் காய விடாது.” கசிவதைக் குற்றமாகவே பார்த்துவந்த ஆச்சி, கையிலிருந்த கருப்பட்டி வட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

தண்ணீருக்குப் பதில் தேங்காய்ப்பால் என்பதும் ஆச்சியின் யோசனைதான். “சொதிக்கு எடுக்க மொதப் பால எடுத்துத் தாரேன். வெறுந் தண்ணியில என்னத்துக்குப் பெசையணும்?” டீச்சர் யோசித்தார். தேங்காய்ப்பாலில் கொழுப்பு இருக்கிறது, அதனால் எண்ணெயைக் கொஞ்சம் குறைக்கலாம் என்றார். நோட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டார். சமையல் புத்தகத்தை எழுதியவர்களுக்கு மட்டும் உரியதாக நினைக்காத ஆசிரியை அவர். அவரிடம் படித்த பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள்.

பிறந்தநாளன்று பிற்பகலில் வேலை தொடங்கியது. ஒன்றரை டம்ளர் மைதாவை உப்பு ஒரு சிட்டிகை, ஆப்பச்சோடா ஒரு சிறு கரண்டி சேர்த்து இரண்டு தடவை சலித்தார்கள். சலிக்கிற வேலை எனக்கு. சோடா ஓரிடத்தில் கட்டியாகத் தங்கினால் அந்த இடம் கசக்கும், அதனால் கை நோகச் சலிக்க வேண்டும் என்று டீச்சர் பக்கத்திலேயே நின்றார். ஒரு டம்ளர் தட்டிய கருப்பட்டியை அரை டம்ளர் தண்ணீரில் கரையும் அளவுக்கு மட்டும் சூடுபடுத்தி, மல் துணியில் வடிகட்டினாள் அம்மா. அடியில் மணலும் தும்பும் தங்கியது. வடிகட்டாமல் ஊற்றியிருந்தால் பல்லில் நறநறத்திருக்கும். அது நன்றாக ஆறிய பிறகு அரை டம்ளர் முதல் பால், அரை டம்ளருக்கும் குறைவாகச் செக்குக் கடலை எண்ணெய். தட்டிய ஏலக்காய், ஆச்சி தன் பங்குக்கு ஒரு விரற்கடை சுக்குப்பொடி.

கடைசியில் டீச்சர் ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்தார். வினிகர். வாடை வந்ததும் ஆச்சி முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டாள். “இந்த நாத்தத்தையா பிள்ளைக்கு ஊத்தப் போறிய?”

“வெந்ததும் தெரியாது ஆச்சி. முட்டை செய்யுத வேலைய இதுதான் செய்யப் போகுது. பாருங்க.” ஒரு கிண்ணத்தில் துளி சோடாவைப் போட்டு, தம்பியைக் கூப்பிட்டு, அவன் கையாலேயே அரைக் கரண்டி வினிகரை ஊற்றச் சொன்னார். புஸ்ஸென்று நுரை பொங்கிக் கிண்ணத்தைத் தாண்டியது. தம்பி துள்ளிப் பின்வாங்கி, உடனே முன்னால் வந்து, “இன்னொரு வாட்டி” என்றான்.

புளிப்பும் சோடாவும் சந்தித்தால் கரியமில வாயு வரும். அது மாவுக்குள் அகப்பட்டுக்கொண்டு கண்ணறை கண்ணறையாக உப்பும். அந்த நேரத்தில் சூடு ஏறி மாவு வெந்து இறுகிவிட்டால் உப்பியது அப்படியே நிற்கும். முட்டை போட்ட கேக்கில் முட்டையின் புரதம் இறுகித் தாங்கும். இதில் அந்த வேலை மைதாவின் மாவுச்சத்துக்கும் பசைக்கும் உரியது. புளிப்பு போதாமல் சோடா மிஞ்சிவிட்டால் சோப்பு ருசி வரும். இதையெல்லாம் டீச்சர் கரும்பலகையில் எழுதுகிற குரலில் சொல்லவில்லை. மாவைக் கலக்கிக்கொண்டே சொன்னார். ஆச்சி, “அப்போ தோசை மாவு பொங்குதது?” என்று கேட்டாள். “அதே காத்துதான் ஆச்சி. தோசைக்கு ராத்திரி முழுக்கக் காத்திருக்கோம். இது நிமிசத்துல வந்து நிமிசத்துல போயிரும்.”

அதனால்தான் வினிகர் விட்டதும் ஓட்டமாக ஓட வேண்டியிருந்தது. ஈரத்தையும் மாவையும் சேர்த்து, கட்டி உடைகிற அளவுக்கு மட்டும் கிண்டினார். ஆச்சிக்குக் கை பரபரத்தது. அடைமாவுக்குக் கரைப்பது மாதிரி நன்றாக அடித்துவிடலாமே என்றாள். கூடாது, அடிக்க அடிக்க மைதாவில் பசை இறுகும், கேக் சவச்சவ என்று இழுக்கும் என்றார் டீச்சர். அடி தட்டையான அலுமினியப் பாத்திரத்தில் நோட்டுப்படி எண்ணெய் தடவிய காகிதம் போடவேண்டும். ஆச்சி வாழையிலையை அனலில் வாட்டி, வட்டமாகக் கிழித்து, எண்ணெய் தடவித் தயாராக வைத்திருந்தாள். மாவை அதில் ஊற்றினார்கள். பாதிப் பாத்திரம்தான் நிறைந்தது. மேலே உயர இடம் வேண்டும்.

பின்கட்டு விறகடுப்பில் கடலை வறுக்கும் இரும்புச் சட்டி. அதில் மூன்று விரற்கடை மணல் ஏற்கெனவே காய்ந்துகொண்டிருந்தது. ஈரமாக இருந்த மேல்மணலை ஆச்சி காலையிலேயே கொட்டிக் கிளறி உலர்த்திவிட்டாள். மணலின் மேல் ஓட்டுத் துண்டுகள் மூன்று, அதன்மேல் பாத்திரம். சட்டியைத் தாம்பாளத்தால் மூடி, தாம்பாளத்தின் மேல் சிரட்டைத் தணலைப் பரப்பினார்கள். அடுப்பில் விறகை இழுத்துச் சன்னமாக்கிவிட்டாள். சூட்டை எப்படித் தெரிந்துகொள்வது என்று நான் கேட்டேன். டீச்சர் வீட்டு ஓவனில் 180 டிகிரிக்குக் கிட்டே வைப்பாராம். ஆச்சி தாம்பாளத்துக்கு ஒரு சாண் மேலே உள்ளங்கையை நீட்டிவைத்து, “இது அதிரசத்துக்குக் காணாது, இதுக்குக் காணும்” என்றாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள்.

மழை ஓட்டின் மேல் பிடித்துக்கொண்டது. திறக்கக் கூடாது, பாதியில் குளிர்காற்று பட்டால் நடு அமுங்கிவிடும் என்று டீச்சர் சொல்லியிருந்தார். தம்பி அடுப்புக்குப் பக்கத்தில் மணையைப் போட்டு உட்கார்ந்துவிட்டான். சிரட்டைத் தணல் சாம்பல் பூத்தால் ஆச்சி இடுக்கியால் எடுத்துவிட்டுப் புதுத் தணல் வைத்தாள். அரை மணி கழிந்ததும் வாசனை வந்தது. முதலில் வாழையிலை வாடை, அப்புறம் ஏலக்காய், அப்புறம் கருப்பட்டி உருகித் தீய்வதற்கு ஒரு நூல் முன்னால் வருகிற அந்த அடர்ந்த மணம். டீச்சர் வீட்டு ஜன்னலிலிருந்து வருவது வேறு. இது எங்கள் வீட்டு வாசனையாகவே இருந்தது, ஆனால் அதுவரை வந்திராத ஒன்று. வினிகர் எங்கே போயிற்று என்று ஆச்சி மோந்து மோந்து தேடினாள்.

முக்கால் மணிக்கும் மேலே ஆயிற்று. தாம்பாளத்தை இறக்கி, சுத்தமான தென்னை ஈர்க்கு ஒன்றை நடுவில் குத்தி எடுத்தார் டீச்சர். ஈர்க்கில் ஒன்றும் ஒட்டவில்லை. மேல்பாகம் செம்மண் நிறத்தில் லேசாக வெடித்திருந்தது. சூட்டோடு கவிழ்க்க விடவில்லை. ஆறுகிறபோதுதான் உள்ளே இறுகும், முட்டை இல்லாததால் இதற்குப் பொறுமை கூடுதலாக வேண்டும் என்றார். விளக்கு வைக்கிற நேரத்தில் கவிழ்த்தார்கள். இலை அப்படியே உரிந்து வந்தது. கேக்கின் அடியில் இலை நரம்பின் வரிகள் பதிந்திருந்தன.

மேலே பூசக் கிரீம் இல்லை. சர்க்கரைப் பொடி தூவலாமா என்று அம்மா கேட்டாள். தம்பி வேண்டாம் என்றுவிட்டான், வெடிப்பு மறைந்துவிடும் என்று. தெருப்பிள்ளைகள் வந்தார்கள், டீச்சரின் பேரப்பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். மெழுகுவத்தியை ஊதி அணைப்பது ஆகாது என்று ஆச்சி சொல்லிவிட்டதால், குத்துவிளக்கை ஏற்றிவைத்து அதன் முன்னால் வெட்டினான். பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு டீச்சரைப் பார்த்து, “இதுல பால் இருக்கா?” என்றான். பிற்பகலிலிருந்து ஒவ்வொரு பொருளும் சேருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன். டீச்சர் அவன் முன்னால் குனிந்து, “தேங்காப்பால் மட்டும்தான் ராசா. உங்க ஆச்சி எடுத்தது” என்றார்.

முதல் துண்டைத் தின்றான். இரண்டாம் துண்டை ஆச்சிக்கு நீட்டினான். ஆச்சி அதுவரை கேக் என்ற ஒன்றை வாயில் வைத்ததில்லை. மென்றுகொண்டே, “பணியாரத்துக்குப் பெரியம்மை மகன்” என்றாள். நான் தின்றதை இப்போதும் சொல்ல முடியும். ஓரம் கொஞ்சம் முறுகல், உள்ளே பஞ்சு, கருப்பட்டியின் லேசான கரிப்பு, சுக்கு கடைசியில் தொண்டையில் சுள்ளென்று. பேக்கரிக் கேக்கைக் காட்டிலும் கனம். ஒரு துண்டு தின்றால் தின்றது தெரியும். எல்லாருடைய தட்டிலும் ஒரே கேக் இருந்தது. தம்பிக்கென்று தனித்தட்டு வராத முதல் விருந்து அது. அம்மா அடுக்களைக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு டீச்சர் வீட்டிலிருந்து வந்த தாம்பாளத்தில், பழங்களுக்கு நடுவே வாழையிலையில் பொதிந்து ஒன்று இருந்தது. புதுப் பாத்திரம் வாங்கி, புதுச் சட்டியில் மணல் போட்டு, இதற்கென்றே தனியாக அவித்தது என்று சொல்லியனுப்பியிருந்தார். அத்தனை வருடத்தில் அந்த வீட்டுக் கேக் எங்கள் வீட்டுக்குள் வந்தது அன்றுதான். உலர்திராட்சை போட்டிருந்தார். ஆச்சி அதைச் சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துத்தான் எல்லாருக்கும் கொடுத்தாள்.

ஆச்சி பிற்பாடு அதில் தன் கைவேலையைக் காட்டத் தொடங்கினாள். வினிகரை விட்டு எலுமிச்சம்பழத்துக்கு மாறினாள். புளிப்புதானே வேண்டும், எது தந்தால் என்ன? மைதாவில் பாதியைக் குறைத்துக் கோதுமை மாவு போட்டாள், கேக் கொஞ்சம் இறுகியது, ருசி கூடியது. கனிந்து கறுத்த நாட்டுப்பழத்தைப் பிசைந்து சேர்த்தாள், அப்போது எண்ணெய் இன்னும் குறைந்தது. டீச்சர் ஒவ்வொன்றையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். நோட்டில் ஆங்கிலத்தில் இருந்த அந்தப் பக்கம், பென்சில் தமிழால் நிறைந்து போயிற்று.

பால் ஒவ்வாமை பல குழந்தைகளுக்கு வளர வளர விட்டுப்போகும். தம்பிக்கும் போயிற்று. உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற வயதில் டாக்டர் மேற்பார்வையில் சிறுகச் சிறுகக் கொடுத்துப் பார்த்து, பிறகு தயிர்ச்சாதமே தின்றான். அப்பா அன்று டவுனுக்குப் போனார்.

இப்போது சென்னையில் வீகன் கேக் என்று நல்ல விலைக்கு விற்கிறார்கள். பாதாம்பால், ஓட்ஸ் பால் எல்லாம் பெட்டி பெட்டியாக வருகிறது. 2014இல் ஜோயல் ரோசல் என்ற பிரெஞ்சுப் பாடகர், கொண்டைக்கடலை வெந்த நீரை அடித்தால் முட்டை வெள்ளைக்கரு மாதிரியே நுரைத்து நிற்கும் என்று கண்டுபிடித்தார். அதை வைத்து இன்று மக்ரூன்கூடச் செய்கிறார்கள். மனதாரச் சந்தோஷப்படுகிறேன். மாட்டுக்காகவோ மண்ணுக்காகவோ பாலை விட்டவர்களுக்கும், என் தம்பி மாதிரிப் பிள்ளைகளுக்கும் இன்று கேட்டால் கிடைக்கிறது. ஆனால் முட்டையைப் போல, வெண்ணெயைப் போல என்று ஒவ்வொன்றுக்கும் ஆள்மாறாட்டம் செய்யும் பொருள்களைத் தேடி அலைகிறவர்களைப் பார்த்தால், நம்மிடம் இருப்பதை ஒருமுறை எண்ணிப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றுகிறது. கெட்டித் தேங்காய்ப்பால், கருப்பட்டி, செக்கெண்ணெய், எலுமிச்சம்பழம், சோடா. இவை எதற்கும் பதிலாக வந்தவை அல்ல. ஆச்சி அந்தக் கேக்கை ஒருநாளும் ஏதோ ஒன்று இல்லாத கேக் என்று சொன்னதே கிடையாது. கருப்பட்டி கேக்கு, அவ்வளவுதான் அதன் பெயர்.

தம்பிக்கு இப்போது எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் கார்த்திகையில் குக்கரின் வெயிட்டையும் ரப்பரையும் கழற்றிவிட்டு, அடியில் மணல் பரப்பி அவனே செய்கிறான். மணலுக்குத்தான் அலைகிறான், கட்டடம் கட்டுகிற இடத்தில் இப்போதெல்லாம் எம்-சாண்டுதான் கிடக்கிறது, ஊரிலிருந்து யாராவது வந்தால் ஒரு பை ஆற்றுமணல் கொண்டுவரச் சொல்கிறான். எலுமிச்சையா வினிகரா என்று எங்களுக்குள் இன்னும் வழக்கு உண்டு. நான் ஆச்சி கட்சி. அவன் வினிகர்தான் என்பான். போன கார்த்திகையில் அவன் மகள், ஆறு வயது, கையில் வினிகர்க் கரண்டியோடு போனில் என்னைக் கூப்பிட்டாள்: “அத்தை, அப்பா மாவுல ஊத்தப் போறாங்க. அதுக்கு முன்னால எனக்குத் தனியா ஒரு கிண்ணத்துல சோடா வேணும்னு நீங்களே சொல்லுங்க.”